தொண்ணூற்றிரண்டு மதிப்பெண்

என் ஒலிப்பதிவுக்குத் தொண்ணூற்றிரண்டு மதிப்பெண். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குப் பாடமாக இன்று அதைப் போட்டுக் காட்டினார்கள். பின்வரிசையில் உட்கார்ந்திருந்த நான் தலையைத் தூக்கவே இல்லை.

நான் கெக் சூ. சிங்கப்பூரில் இருபத்தாறு வருடம் பேருந்து ஓட்டியவள். முட்டி போனதும், ஐம்பத்தேழு வயதில், மனநல ஆலோசகர் படிப்பில் சேர்ந்தேன். ஆசிரியை ஷின் யீக்கு என் மகள் வயது. ஆலோசனைக்கு வருபவரின் சம்மதத்தோடு பேச்சைப் பதிவு செய்து, ஒரு அறிக்கையும் எழுதி அவளிடம் கொடுக்க வேண்டும். என் முதல் இரண்டு பதிவுகளுக்கும் தோல்விதான். அறிவுரை சொல்லிவிட்டேனாம்.

"ஆன்ட்டி, இது பஸ் இல்ல. ஸ்டியரிங்க அவங்க கையிலயே விடுங்க" என்றாள். வகுப்பே சிரித்தது. நானும் அசடு வழிந்தேன்.

மூன்றாவதிலும் கோட்டை விட்டால் படிப்பு போச்சு. அப்போது வந்தவள்தான் பீ லியான். உணவங்காடியில் தட்டு கழுவுகிறவள். புருஷனைப் பற்றிப் பேச வந்தாள்.

இன்று வகுப்பின் ஒலிபெருக்கியில் அவள் குரல் கேட்டது. "காலைல அவன் மூஞ்சியே சரியில்லக்கா. இன்னைக்கி வீட்டுக்குப் போகவா, வேணாமா?"

அமைதி. பிறகு தேன் ஒழுகும் என் குரல். "போனா எப்படி இருக்கும்னு நினைக்கிறீங்க?"

ஷின் யீ பதிவை நிறுத்தினாள். "கவனிச்சீங்களா? ஏழு நொடி. அந்த அமைதியில எவ்ளோ மரியாத இருக்கு பாருங்க."

என்னால் அதற்கு மேல் முடியவில்லை. எழுந்துவிட்டேன்.

"மரியாதையும் இல்ல, மண்ணும் இல்ல. அந்த ஏழு நொடியும் அவ மணிக்கட்டுல கன்னிப்போயிருந்த காயத்தத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். 'போகாதடி'ன்னு வாய் வரைக்கும் வந்துச்சு. மார்க்குக்குப் பயந்து முழுங்கிட்டேன். அவ போனா. கை ஒடைஞ்சு இப்ப ஆஸ்பத்திரில கெடக்கா. நேத்துதான் தெரிஞ்சுது."

ஷின் யீ வெளிறிப்போனாள். "காயத்தப் பத்தி அறிக்கையில ஒரு வரிகூட இல்லையே, ஆன்ட்டி?"

"எழுதினா, பாத்தும் ஏன் கேக்கலன்னு மார்க்கக் கொறப்பீங்களே!"

ஷின் யீ என் அறிக்கையை மறுபடி புரட்டினாள். டேப்புக்குக் கண் கிடையாது, அவள் என்ன செய்வாள்? எனக்கு இரண்டு கண் இருந்தது. பேருந்துக்குக் குறுக்கே விழுந்தவனிடம், மோதினால் எப்படி இருக்கும் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பிரேக்கைத்தான் மிதித்திருக்கிறேன். சான்றிதழ் ஆசை வந்ததும் அந்தப் புத்தி எங்கே போய்த் தொலைந்தது?

"இத நான் மேல சொல்லியாகணும். இனிமே பாஸ் போட முடியாது" என்றாள் மெதுவாக.

"போடாதீங்க. அந்தத் தொண்ணூத்திரண்ட மொதல்ல அடிங்க."

அவள் பேனாவால் அதை அடிக்கும்வரை அங்கேயே நின்றேன். பிறகு நேராக மருத்துவமனைக்குப் போனேன்.

பீ லியான் மாவுக்கட்டுக் கையோடு படுத்திருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் ஆறியிருக்கும்.

"நீங்க கேட்டது நல்ல கேள்விக்கா. அதையே யோசிச்சுக்கிட்டுத்தான் வீட்டுக்குப் போனேன்" என்றாள்.

எனக்கு என் கன்னத்திலேயே அறைந்துகொள்ளத் தோன்றியது.

"நாளைக்கி அனுப்பிடுவாங்களாம். வீட்டுக்குப் போகவா, வேணாமா?"

இந்த முறை ஒரு நொடிகூட விடவில்லை.

"போகாதடி" என்றேன்.