ஏழாம் எண் கதையில் ஒரு ஓட்டை

“அண்ணே, நிறுத்துங்க! ஏழாம் நம்பரை அடிக்காதீங்க!”

நூலகத்தின் பின்கட்டில் இருந்த ஜெராக்ஸ் அறைக்குள் சின்னவள் மூச்சிரைக்க நுழைந்தாள். ஒரு கால் செருப்பு வாசலிலேயே கழன்று கிடந்தது. மெஷினுக்குப் பின்னால் நின்றவர், தலை போகிற காரியம் எதுவும் உலகத்தில் இல்லை என்பதுபோல் நிமிர்ந்தார்.

“அடிச்சாச்சும்மா. ஏழும் எட்டும், ஆளுக்கொரு செட். பின் குத்தி மேலே அனுப்பியும் ஆச்சு. ஏன், தப்பு ஏதாவது விழுந்துடுச்சா?”

தப்புதான். நான்கு வருடத்துக்கு முன்னால் விழுந்த தப்பு. அதை இவரிடம் சொல்லி என்ன ஆகப்போகிறது? செருப்பை மாட்டிக்கொண்டு மாடிப்படியை இரண்டிரண்டாகத் தாவினாள்.

மணி இரண்டே முக்கால். மூன்று மணிக்குச் சிறுகதை வகுப்பு. இன்று மதியம் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் அக்கா குண்டைப் போட்டாள்.

“சனிக்கிழமை ஆனா துள்ளிக் குதிச்சு எங்கடி ஓடுற? நானும் வர்றேன். கதை எழுதுறாங்களாம் கதை. அந்தக் கூத்தை நானும் பார்க்குறேன்.”

“உனக்கு போரடிக்கும் அக்கா.”

“வீட்ல மட்டும் என்ன, சர்க்கஸா நடக்குது?”

இடம் பிடிக்கவேண்டும் என்று சொல்லிவிட்டு முந்தைய பேருந்தில் ஓடி வந்திருந்தாள் சின்னவள். அடுத்த பேருந்தில் அக்கா வந்துவிடுவாள். வந்தால் ஏழாம் எண் கதையைக் கேட்பாள். கேட்டால், அக்கா தங்கை என்ற உறவு இன்றோடு சரி.

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலை சின்னவளுக்கு. நாள் முழுக்கப் பிறத்தியார் பார்வையைச் சரிசெய்கிறவள், தன் நெஞ்சில் கிடந்த ஒன்றை மட்டும் யாருக்கும் காட்டியதில்லை. இந்த வகுப்பில் காட்டலாம் என்று துணிந்ததற்குக் காரணம் இங்கே இருந்த விதிகள். கதையில் பெயர் எழுதக் கூடாது, எண் மட்டும்தான். எழுதியவர் யாரென்று நடத்துகிற விரிவுரையாளருக்கே தெரியாது. எல்லோரும் பேசி முடிக்கும்வரை எழுதியவர் வாயைத் திறக்கவும் கூடாது. திருடனைப் போல் சத்தமில்லாமல் உட்கார்ந்து, தன் கதையைப் பத்துப் பேர் பிய்த்துப்போடுவதைக் கேட்கவேண்டும்.

விரிவுரையாளருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘சிவப்பு மை’. அவர் கை பட்ட தாள் எதுவும் காயமில்லாமல் திரும்பியதில்லை. சின்னவள் மேலே போனபோது அவர் பிரதிகள்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டிருந்தார்.

“சார்... இன்னைக்கு எட்டை எடுத்துக்கலாமா? ஏழு அடுத்த வாரம்...”

“ஏம்மா, ஏழு உன்னோடதா?”

“ஐயோ, இல்ல சார்! எழுதினவங்க... யாரோ கேட்டாங்க.”

“அந்த யாரோ கிட்டச் சொல்லு, எழுதும்போது இருந்த தைரியம் படிக்கும்போதும் இருக்கணும்னு. போய் உட்காரு.”

அவள் உட்காரவில்லை. கதவருகே நின்றாள். அக்காவை வாசலிலேயே மடக்கி, தலைவலி என்று சொல்லி, வீட்டுக்குத் திருப்பி அழைத்துப் போய்விடலாம் என்று கணக்குப் போட்டாள். கணக்கு முடிவதற்குள் கதவு திறந்தது.

“உள்ளே வரலாமா சார்? நான் இவளோட அக்கா.”

“வாங்க, வாங்க! நல்ல நேரத்துல வந்தீங்க.” சிவப்பு மை ஒரு பிரதியை நீட்டினார். “இங்கே ஒரு வழக்கம் இருக்கு. புதுசா யார் வந்தாலும் முதல் கதையை அவங்கதான் படிக்கணும். இங்கே இருக்கிறவங்க படிச்சா, அது எழுதினவங்களாவே இருந்து மூஞ்சி காட்டிக்கொடுத்துடலாம்.”

அக்கா வாங்கிக்கொண்டாள். முன் வரிசையில் உட்கார்ந்து மூக்குக்கண்ணாடியை மாட்டினாள். சின்னவளே தேய்த்துக் கொடுத்த கண்ணாடி அது. சின்னவள் கடைசி வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அக்கா படிக்க ஆரம்பித்தாள். பாலுக்காரனுக்கு எழுதி வைத்த சீட்டைப் படிக்கிற குரல். ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை.

கதை இதுதான். ஒரு ஆஸ்பத்திரி. படுக்கையில் அப்பா. மூன்று வாரமாகத் தம்பி பக்கத்திலேயே இருந்து துடைத்துவிடுகிறான், திருப்பிப் படுக்கவைக்கிறான், மலத்தட்டு மாற்றுகிறான். சண்டை போட்டுக்கொண்டு வெளியூர் போய்விட்ட அண்ணன் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. கடைசி நாள் மதியம் அப்பா கண் திறந்து அண்ணனைக் கேட்கிறார். தம்பி ஃபோனை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போகிறான். பத்து நிமிடம் நிற்கிறான். ஒரு எண்ணைக்கூட அழுத்தவில்லை. திரும்பி வந்து, “அண்ணன் எடுக்கலப்பா” என்கிறான். மறுநாள் விடியற்காலை அப்பா போய்விடுகிறார்.

அப்பா என்று எழுதியிருந்தது அம்மா. தம்பி என்று எழுதியிருந்தது சின்னவள். ஆளை மாற்றினாள், படுக்கை எண்ணை மாற்றினாள், நோயைக்கூட மாற்றினாள். அக்காவே கேட்டாலும் யாரோ என்று நினைத்துக் கொட்டாவி விடுவாள் என்று கடைசி நம்பிக்கை ஒன்று இருந்தது.

அந்த நம்பிக்கையில் ஒரே ஒரு இடத்தில் கீறல். மூன்றாவது வாரம் சிவப்பு மை மேஜையைத் தட்டிச் சொல்லியிருந்தார்: “ஆளை மாத்துங்க, ஊரை மாத்துங்க. வசனத்துல மட்டும் கை வைக்காதீங்க. காதுல எப்படி விழுந்ததோ அப்படியே இறக்கிடுங்க.” நல்ல மாணவியாக அவள் அப்படியே இறக்கியிருந்தாள்.

அக்கா அந்த வரிக்கு வந்தாள்.

“‘கால் ரெண்டும் ஐஸா இருக்கு. நீ தேய்ச்சா சூடு ஏறாது. பெரிசு கை பட்டாத்தான் ஏறும். கூப்பிடு’ என்றார் அப்பா.”

அக்காவின் குரல் நின்றது.

வீட்டில் அக்காவைப் ‘பெரிசு’ என்று கூப்பிட்டது உலகத்திலேயே ஒரு ஆள்தான்.

அக்கா பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்தாள். ஒரு மிடறு குடித்தாள். மூடியைத் திருகினாள். விட்ட இடத்திலிருந்து அதே பால்சீட்டுக் குரலில் தொடர்ந்தாள். சாவு வீட்டில் அண்ணன் விழுந்து புரண்டு, “ஒரு ஃபோன் போட்டிருந்தா ஓடி வந்திருப்பேனேடா!” என்று கதறுவதையும், “அப்பா யாரையும் கேட்கலண்ணா, தூக்கத்துலயே போயிட்டார்” என்று தம்பி இரண்டாவது பொய்யைச் சொல்வதையும் படித்தாள். தாளை மடியில் வைத்தாள்.

கண்டுபிடித்துவிட்டாளா? இல்லையா? பின்னால் இருந்து பார்த்தால் கொண்டை மட்டும்தான் தெரிந்தது.

“தம்பியா அவன்? செவுளைப் பேத்திருக்கணும்!” என்று ஆரம்பித்தார் பேருந்து ஓட்டுகிற அண்ணன். கதைகளையும் அவர் ஹாரன் அடித்தே ஓட்டுவார்.

“நீங்க ஒரு நாளாவது மலத்தட்டு மாத்தியிருக்கீங்களா?” என்றாள் நர்ஸம்மா. “மூணு வாரம் மாத்திட்டு, அவர் வாயால இன்னொருத்தன் பேரைக் கேட்டுப் பாருங்க. வந்து பேசுங்க.”

“அதுக்காக? சாகப்போற மனுஷன்கிட்டயா பழி தீர்க்குறது?”

“அண்ணன் கேரக்டர்தான் எனக்குப் பிடிக்கல,” என்றாள் மூலையில் இருந்த கல்லூரிப் பெண். “ரொம்ப நல்லவனா இருக்கான். சோப்பு விளம்பரத்துல வர்ற மாதிரி.”

சின்னவள் தன் பிரதியில் சும்மா கோடு போட்டுக்கொண்டிருந்தாள். தம்பிக்குச் செவுளில் விழவேண்டிய அறை நான்கு வருடமாகத் தவணையில் விழுந்துகொண்டுதான் இருந்தது. வெளியூரை விட்டு அக்கா திரும்பி வந்ததும் காற்று வருகிற முன்னறையை விட்டுக் கொடுத்தாள். வேலைக்குக் கிளம்புமுன் இரண்டு வேளைச் சாப்பாடு சமைத்து மூடி வைத்தாள். அக்கா வாயிலிருந்து எது வந்தாலும் ‘சரி அக்கா’. போன வருடம் கடைக்கு ஃபிரேம் கொண்டுவருகிறவர், “என்னைக் கட்டிக்கிறியா?” என்று நேராகவே கேட்டார். வீட்டில் சொன்னபோது அக்கா சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். “போ. அம்மாவும் சொல்லாம போனாங்க. நீயும் போ” என்றாள். மறுநாளே அவரிடம் முடியாது என்று சொல்லிவிட்டாள் சின்னவள்.

சிவப்பு மை எழுந்தார். “இந்தக் கதையில ஒரு ஓட்டை இருக்கு. யாருக்காவது தெரியுதா?”

எல்லோரும் தாளைப் புரட்டினார்கள். அவரே சொன்னார்.

“அப்பா ஆஸ்பத்திரியில இருக்கார்னு அண்ணனுக்குத் தெரியும். மூணு வாரம்! அவன் கையில ஃபோன் இல்லையா? அவன் ஏன் தானா ஒரு தடவைகூடக் கூப்பிடல? எழுதினவருக்கு இந்தக் கேள்வியே தோணல. குற்ற உணர்ச்சியில கண்ணை மூடிக்கிட்டு எழுதியிருக்கார். சரி, ஆளுக்கொரு தாள் எடுங்க. பத்து நிமிஷம். அண்ணன் பக்கத்துலேருந்து கதையில இல்லாத ஒரு பக்கம். அவங்கவங்க எழுதினதை அவங்கவங்களே படிக்கணும்.”

சின்னவளும் தாள் எடுத்தாள், எடுக்காவிட்டால் மாட்டிக்கொள்வாளே! என்ன எழுதினாள் என்று அவளுக்கே தெரியாது. முன் வரிசையில் அக்காவின் பேனா நிற்காமல் ஓடுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். சாமான் பட்டியலுக்கு மேல் எதையும் எழுதி அவள் பார்த்ததில்லை.

பேருந்து அண்ணன் எழுதிய பக்கத்தில், கதையின் அண்ணன் ஊருக்கு வரும் வழியில் டயர் வெடித்தது. கல்லூரிப் பெண்ணின் பக்கத்தில் அவனுக்கு நினைவு தப்பியது. நர்ஸம்மா, “அவனுக்கு வர இஷ்டமில்ல, அவ்வளவுதான்” என்று ஒரே வரி எழுதியிருந்தாள். எல்லோரும் சிரித்தார்கள்.

“நீங்க?” என்றார் சிவப்பு மை.

அக்கா எழுந்து நின்றாள்.

“இந்த அண்ணன் இவ்வளவு நல்லவன் இல்ல சார். அது மட்டும்தான் எனக்குப் பொறுக்கல.”

படித்தாள்.

“அன்று சாயங்காலம் தம்பி மருந்து வாங்கக் கீழே போனான். அப்பா பக்கத்துப் படுக்கைக்காரரிடம் ஃபோனைக் கடன் கேட்டு அண்ணனைக் கூப்பிட்டார். அண்ணன் முதல் மணியிலேயே எடுத்தான். ‘மத்தியானம் தம்பி கூப்பிட்டானா?’ என்றார் அப்பா. ‘இல்லையே’ என்றான். பிறகு, ‘ஒரு தடவை வந்துட்டுப் போ’ என்றார். ‘வேலை இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்றான் அண்ணன். வேலை ஒன்றும் இல்லை. டிவி பார்த்துக்கொண்டிருந்தான்.”

“அடப்பாவி!” என்று பேருந்து அண்ணன்தான் முதலில் கத்தினார். “அப்போ தம்பி கூப்பிடவே இல்லைங்கிறது இவனுக்கு அன்னைக்கே தெரியும்!”

“தெரிஞ்சுக்கிட்டேவா சாவு வீட்ல அப்படி உருண்டான்?” என்றாள் நர்ஸம்மா.

“தம்பி கேட்குற மாதிரிதான் உருண்டான்,” என்றாள் அக்கா.

சின்னவள் வாயைத் திறந்தாள். விதி நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள். விதி இல்லாவிட்டாலும் எந்த வார்த்தையை முதலில் எடுப்பது?

சிவப்பு மை கையில் பேனாவைத் திறந்தபடியே மறந்துபோயிருந்தார். “ஏம்மா, அவன் தம்பிகிட்ட ஏன் இதைச் சொல்லவே இல்ல?”

“சொன்னா, ‘உனக்கு ஃபோன் வந்துச்சே, நீ ஏன் வரல’ன்னு திருப்பிக் கேட்பானே சார். சொல்லாம இருந்தா முன்னறை கிடைக்குது, சோறு நேரத்துக்கு வருது, எதுக்கும் மறுபேச்சு இல்ல. ஒரு வருஷம் போகட்டும்னு நினைச்சான். அப்புறம் பழகிடுச்சு.”

“அது சரி. ஆனா பக்கம் பாதியில நிக்குதே. அடுத்த வாரம் பார்க்கலாம்னு இவன் சொன்னதும் அப்பா பேசாம ஃபோனை வெச்சுட்டாரா?”

“வெக்கல.”

அக்கா கையிலிருந்த தாளைப் பார்க்கவில்லை. திரும்பினாள். பத்துப் பேரையும் தாண்டி, கடைசி வரிசையில் இருந்த சின்னவளின் முகத்தையே பார்த்தாள்.

“‘அவ உன்னைக் கூப்பிட்டேன்னு பொய் சொன்னா. மூணு வாரமா என்னைத் தூக்கிச் சுமக்குறா, கோவம் வராதா அவளுக்கு? எனக்கு ஒரு துளி வருத்தம் இல்ல. இப்போ நானே சொன்னா கூனிக் குறுகிப் போயிடுவா. நான் போனப்புறம் நீ மறக்காம அவகிட்டச் சொல்லிடு பெரிசு’ன்னாங்க அம்மா.”