தேவகியின் நூல் புடவை

கொடியில் காய்ந்துகொண்டிருந்த புடவையின் ஓரத்திலிருந்து சரண்யா ஒரு இழையை உருவினாள். தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினாள். இழை குப்பென்று பற்றி, காகிதம் கருகிய வாசனையோடு சாம்பலாக உதிர்ந்தது.

"பாத்தியா அத்தே? உருண்டுக்கல. சுத்தமான பருத்தி!" என்றாள், திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவள் மாதிரி.

பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்தில் இந்தச் சோதனை எல்லாருக்கும் தெரியும். வலைக் கயிற்றின் நுனி பிரியாமல் இருக்க அதைத் தீயில் காட்டுவார்கள். நைலான் உருகி உருண்டுகொள்ளும், பருத்தி உருளாது.

மாமியார் மணியம்மாள் சாம்பலைப் பார்த்தாள். பிறகு கருவாட்டுக் கூடையோடு உள்ளே வந்த மூத்த மருமகள் தேவகியைப் பார்த்தாள்.

"இது இன்னா வெலடி?"

"தம்பி எடுத்துக் குடுத்தான் அத்தே. வெல கேக்கல."

"உங்க தம்பி பொண்டாட்டிக்குக் காலைல போன் போட்டேங்கா," என்றாள் சரண்யா, சின்ன மருமகள். "இந்த வருசம் திதிக்கு ஒன்னியும் எடுக்கலன்னு சொல்றாங்க."

தேவகி கூடையை இறக்கி வைத்தாள். பிறந்த வீட்டு மானத்தைக் காப்பாற்றச் சொன்ன பொய் இப்படி வந்து விடிந்தது.

அவள் புருஷன் முகத்துவாரத்தில் படகு கவிழ்ந்து போய் இரண்டு வருடமாகிறது. அன்றிலிருந்து அந்த வீட்டில் அவளுக்கு ஒரே சட்டம்: வெளுத்த நிறத்தில் நூல் புடவை. பளபளப்பு புருஷன் உள்ளவளுக்கு, பருத்தி தாலியறுத்தவளுக்கு. திதிக்குத் திதி ஒரு புடவையைப் பிறந்த வீடு எடுத்துத் தரவேண்டும். பருத்தி ஏழைத்துணியாய் இருந்த காலத்தில் எவனோ போட்ட சட்டம். அப்புறம் வலை நைலானுக்கு மாறிற்று, படகு ஃபைபருக்கு மாறிற்று, ஊரே பாலியஸ்டருக்கு மாறிற்று. விதவை மட்டும் பருத்தியிலேயே நிற்க வேண்டுமாம், நல்ல நியாயம்!

அனுப்பம்பட்டில் ஆட்டோ ஓட்டும் தம்பி மணிகண்டன் இந்த வருடம் கையை விரித்துவிட்டான். "வெலய கேட்டாலே மயக்கம் வருதுக்கா. சிந்தெடிக்ல எடுத்துத் தரட்டா?" என்றான். சிந்தெடிக் கட்டினால் மாமியார் வீட்டுக்குள் விடமாட்டாள். ஆகவே தேவகி கருவாட்டுக் காசைச் சேர்த்துக்கொண்டு பொன்னேரிக் கடைக்குத் தானே போனாள்.

"போன வருசம் தம்பி வந்தப்ப இதே புடவ ஐநூறு சொன்னீங்களாமே?"

"பஞ்சு ஏறிச்சும்மா. பஞ்சு ஏறினா நூல் ஏறும், நூல் ஏறினா புடவ ஏறும்."

"பஞ்சு எறங்கிடுச்சுன்னு டிவில சொன்னாங்களே."

கடைக்காரர் சிரித்தார். "பஞ்சு எறங்கும். புடவ எறங்காது. இப்பல்லாம் காட்டன் கட்டறது காருல வர்றவங்கதாம்மா."

தொள்ளாயிரத்து ஐம்பது கொடுத்துத் தன் விதவைக்கோலத்தை வாங்கிக்கொண்டு வந்தாள்.

இதையெல்லாம் இப்போது சொன்னாள். யார் நம்புவார்கள்? சரண்யாவின் புருஷன், கொழுந்தன் தினகரன், வலையைத் தோளில் போட்டபடியே வாசலில் நின்று கேட்டான்.

"தெனமும் பொன்னேரிக்குப் போறீங்க அண்ணி. கருவாடு வித்த காசுல டீச்சரம்மா கட்டற புடவையா? எவன் எடுத்துக் குடுத்தான்னு கேக்கறேன்."

"நாக்கு அழுவிடும் தினகரா."

"ஞாயித்துக்கெழம கிராமத்துல பேசிக்கலாம்."

அவன் கண் புடவையின் மேல் இல்லை, பாட்டின் மேல். பாடு என்றால் ஏரியில் முறை வைத்து வலை போடும் உரிமை. செத்தவனின் பாட்டில் தினகரன்தான் வலை போடுகிறான், அண்ணிக்குப் பங்கு கொடுக்கிறான். நடத்தை சரியில்லை என்று கிராமப் பஞ்சாயத்து சொல்லிவிட்டால் பங்கு நின்றுவிடும். அந்தப் பங்கை நம்பித்தான் மகள் காவியாவை அடுத்த வருடம் கல்லூரியில் சேர்ப்பதாக இருந்தாள் தேவகி.

ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெண்கள் தள்ளி நின்றார்கள். தினகரன் அந்த நூல் புடவையைச் சாட்சியாகக் கொண்டுவந்து தலைவர் குப்பன் முன்னால் வைத்தான். "வெலய நீங்களே கேட்டுப் பாருங்க," என்றான். குப்பன் துணியைத் தடவி, "உசந்த சரக்குதான்," என்றார். கூட்டம் முணுமுணுத்தது.

அப்போது தேவகி வந்தாள், சிவப்புப் பூப்போட்ட பாலியஸ்டர் புடவையில்.

"அய்யய்யோ! என் புள்ளய முழுங்கினவ செவப்பு கட்டினு வராளே!" மணியம்மாள் மார்பில் அடித்துக்கொண்டாள்.

தேவகி யாரையும் பார்க்கவில்லை. முந்தானையிலிருந்து ஒரு இழையை உருவினாள். கற்பூரத் தட்டின் தீயில் காட்டினாள். அது சுருண்டு கறுப்பு மணியாய் உருண்டது.

"பாத்துக்குங்க மாமா. சிந்தெடிக். சந்தையில எரநூத்தி இருவது. கருவாடு விக்கறவளுக்கு இதான் கட்டுப்படி ஆவும். இத்த எவனும் வாங்கிக் குடுத்திருப்பான்னு உங்களுக்குச் சந்தேகம் வராது இல்ல?"

"அதுக்காக... முறைன்னு ஒன்னு கீதே, தேவகி," என்றார் குப்பன்.

"முறைப்படி நூல் கட்டினா தேவடியான்றீங்க. வெலப்படி இத்த கட்டினா முறை போச்சுன்றீங்க. சரி, நூலே கட்டறேன். வருசத்துக்கு ரெண்டு புடவ, கிராமப் பொதுப்பணத்துல எடுத்துக் குடுங்க. எனக்கு மட்டும் இல்ல, இங்க நிக்கற அத்தினி பேருக்கும்."

பெண்கள் பக்கத்தில் வெளுத்த புடவைகள் வரிசையாக நின்றன. கடல் தின்ற புருஷன், சாராயம் தின்ற புருஷன், குப்பத்தில் விதவைக்கா பஞ்சம்! குப்பன் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார். உதடு அசைந்தது, கணக்குப் போடுகிறார் என்று தெரிந்தது. பக்கத்தில் இருந்தவரும் போட்டார்.

"பாட்டுப் பங்கு அவளுதுதான்," என்றார் குப்பன் கடைசியில். "புடவப் பேச்சு இனிமே கிராமத்துல வேணாம். யார் எத்த கட்டினா இன்னா."

அத்தனை வருட முறை, விலை கேட்டதும் எழுந்து போய்விட்டது.

வீட்டில் அன்று யாரும் தேவகியோடு பேசவில்லை. சாயங்காலம் அவள் மீன் அரிந்துகொண்டிருந்தபோது மணியம்மாள் பின்னால் வந்து உட்கார்ந்தாள். முப்பது வருடமாக வெள்ளை உடுத்தியவள். சிவப்பு முந்தானையின் நுனியை இரண்டு விரலால் பிடித்துத் தேய்த்துப் பார்த்தாள்.

"தொவைச்சா சீக்கிரம் காயுமா?"

"உதறிப் போட்டா காஞ்சிடும் அத்தே."

மணியம்மாள் வாசலை எட்டிப் பார்த்தாள். சரண்யா இல்லை.

"எனக்குச் செவப்பு வேணாம்டி," என்றாள் மெல்ல. "நீலத்துல கெடைக்குமா?"