பதினாலாம் நம்பர் ஷிப்ட்

ஜனெலுக்கு அன்று காலையிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அமெரிக்காவில் பஃபலோ விமான நிலையத்தில் பதினோரு வருடமாக ஊரார் பெட்டிகளைத் திரையில் பார்த்துச் சலித்தவள் அவள். மேல் வேலைக்கு இரண்டு முறை மனுப் போட்டாள். இரண்டு முறையும் உள்நாட்டுப் பாதுகாப்பில் பட்டம் வாங்கிய சின்னஞ்சிறுசுகள் தட்டிக்கொண்டு போனார்கள். சரி, அந்தப் பட்டத்தை நாமும் வாங்கிவிடுவோம் என்று கிளம்பியதில் வந்த அவஸ்தைதான் இது. எந்தக் கல்லூரியில் சேருவது?

ஒன்று, இணையக் கல்லூரி. நினைத்த நேரத்தில் படிக்கலாம். அங்கிருந்து காலையிலேயே இரண்டு தடவை போன் வந்துவிட்டது. "மேடம், ஒரு கையெழுத்துதான். மத்ததெல்லாம் நாங்க பாத்துக்கறோம்." மற்றதெல்லாம் என்றால் படிப்பையுமா? அந்தப் பட்டத்தை மேலே யாரும் மதிக்கமாட்டார்கள் என்பது அவளுக்கே தெரியும்.

இன்னொன்று ஊரிலேயே இருக்கும் அரசுக் கல்லூரி. செவ்வாயும் வியாழனும் மாலையில் நேரில் போய் உட்கார வேண்டும். அதற்கு, மதியத்தோடு வேலை முடிகிற பதினாலாம் நம்பர் ஷிப்ட் வேண்டும். "அது மட்டும் கிடைச்சா மறுநாளே போய்ச் சேந்துருவேன்" என்று நான்கு வருடமாக எல்லோரிடமும் சொல்லிவந்தாள். கிடைத்தால்தானே! பணியில் அவளைவிட ஐந்து மாதம் மூத்த லொரெய்ன் அதைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தாள்.

அன்று ஷிப்ட் எடுக்கும் நாள். பணிமூப்புப்படி ஒவ்வொருவராகப் பின்னறைக்குப் போய், சுவரில் ஒட்டிய தாளில் பெயர் எழுத வேண்டும். ஆளுக்கு ஐந்து நிமிடம். லொரெய்ன் உள்ளே போனபோது ஜனெல் ஒரே பெட்டியை மூன்றாம் தடவை இயந்திரத்துக்குள் அனுப்பிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா, அதுல ஷாம்புகூட இல்ல. என் ப்ளேன் போயிடும்" என்றார் பெட்டிக்காரர்.

லொரெய்ன் வெளியே வந்தாள்.

"பதினாலை விட்டுட்டேன். போய் எடுத்துக்கோ."

"அப்ப உன் பௌலிங் கோஷ்டி? சாயங்காலம் பந்து உருட்டப் போவியே?"

"அதுல நான்தான் கடைசி. நான் வரலைன்னா அவங்க ஜெயிப்பாங்க. நாலு வருஷமா உன் புலம்பலைக் கேட்டுக் காது புளிச்சுப்போச்சு, போடி."

ஜனெல் உள்ளே போனாள். பதினாலுக்கு நேரே இடம் காலியாக இருந்தது. சந்தோஷம் வரவில்லை, பயம்தான் வந்தது. பத்தொன்பது வயதில் ஒரு வகுப்பிலிருந்து பாதித் தேர்வில் எழுந்து ஓடி வந்தவள் அவள். அதன் பிறகு எந்த வகுப்பிலும் காலெடுத்து வைக்கவில்லை. லொரெய்ன் இந்த வருடமும் அதை எடுத்துவிட மாட்டாளா என்றுதான் இத்தனை நேரமும் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டிருந்திருக்கிறாள். அது இப்போதுதான் அவளுக்கே உறைத்தது. வெட்கமாக இருந்தது.

"ரெண்டு நிமிஷம் இருக்கு" என்றார் மேற்பார்வையாளர் ஹட்சன்.

கீழே இருபத்திரண்டு காலியாக இருந்தது. மதியம் தொடங்கி ராத்திரி முடிகிற ஷிப்ட். அதில் எழுதினால் வீட்டு மேசையிலேயே படிக்கிற இணையக் கல்லூரிதான். யார் முகத்தையும் பார்க்க வேண்டாம். பேனா அந்தப் பக்கம் போனது. அப்புறம் மேலே வந்தது. பதினாலில் பெயரை எழுதினாள்.

வாசலில் லொரெய்ன் காத்திருந்தாள். "என்ன, எழுதிட்டியா?"

"எழுதிட்டேன். பாவி! இனிமே சாக்குச் சொல்லக்கூட வழியில்லாமப் பண்ணிட்டியேடி!" என்று அவள் தோளில் சாய்ந்து அழுதாள்.