ஆயிரத்து நூற்று முப்பத்தாறு தள்ளுவண்டிகள்

புக்கிட் செலம்பாவுக்குப் பக்கத்தில் உள்ள ஒரு செம்பனைத் தோட்டத்தில் லோகேஸ்வரி இருபத்திரண்டு வருடமாக ஸ்டோர் கிராணி. உரமூட்டை, கையுறை, குலை வெட்டும் அரிவாள், துடைப்பம் என்று தோட்டத்துக்கு வருகிற எதுவும் அவள் எண்ணிய பிறகுதான் உள்ளே போகும். அத்தனை வருடத்தில் ஒரு ஆணி குறைந்ததில்லை. ஒருமுறை ஒரு ஜோடி பூட்ஸ் கூடுதலாக இருந்தது. அது எப்படி வந்தது என்று கண்டுபிடிக்கும்வரை வீட்டில் யாரிடமும் சரியாகப் பேசாமல் இருந்தாள்.

அவளைத்தான் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மேனேஜர் ரவிச்சந்திரன் ஆபீசுக்குக் கூப்பிட்டு, ஆயிரத்து நூற்று முப்பத்தாறு தள்ளுவண்டிகள் எங்கே என்று கேட்டார்.

"என்ன வண்டி சார்?"

"குலை ஏத்தித் தள்ளுவாங்களே, ஒத்தச் சக்கர வண்டி. ஆயிரத்து நூத்து அம்பத்திரண்டு வந்ததா சிஸ்டம் காட்டுது. ஸ்டோர்ல பதினாறுதான் நிக்குது."

லோகேஸ்வரி சிரித்துவிட்டாள். மேனேஜர் சிரிக்கவில்லை. பக்கத்தில் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்த ஆளும் சிரிக்கவில்லை. அவன் பெயர் சுல்கிப்லி. சுங்கைப் பட்டாணிக்காரன், கம்பெனியின் கணக்குகளைப் பரிசோதிக்கத் தலைமையகம் அனுப்பியவன். வயது முப்பதுக்குள்தான் இருக்கும்.

"வந்ததே பதினாறுதான் சார். டெலிவரி சீட்டு இருக்கு," என்றாள் லோகேஸ்வரி. "அன்னிக்கு நல்ல மழை. லைன் சரியில்ல. சேமிக்கிற சிம்பான் பட்டனைத் தட்டினா ஸ்கிரீன் அப்படியே நின்னு போச்சு. பச்சை விளக்கு வர்ற வரைக்கும் தட்டிக்கிட்டே இருங்கன்னுதான் டிரெய்னிங்ல சொன்னாங்க. தட்டினேன். ஒரு எழுபது தடவை தட்டியிருப்பேன்லா."

சுல்கிப்லி கால்குலேட்டரில் பதினாறை எழுபத்திரண்டால் பெருக்கினான். ஆயிரத்து நூற்று ஐம்பத்திரண்டு வந்தது. ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அழித்தான்.

"சிஸ்டம் ஒரே சரக்கை ரெண்டு தடவை ஏத்தாதுக்கா. சிஸ்டத்தை வித்த கம்பெனிக்காரங்களே எழுதிக் கொடுத்திருக்காங்க."

"அப்போ சீட்டு?"

"சீட்டு வெறும் பேப்பர்."

வண்டிகளை விற்றது சுங்கைப் பட்டாணியில் இரும்புக்கடை வைத்திருக்கும் மஜீத். அவரைப் போனில் பிடித்து ஸ்பீக்கரில் போட்டார்கள். "ஆயிரம் வண்டியா? இருபது வருஷத்துல மொத்தமா அவ்வளவு வித்திருக்க மாட்டேன் சார். வித்திருந்தா இந்த நேரத்துல நான் ஏன் கடையில நின்னு ஆணி நிறுத்துக்கிட்டு இருக்கேன்?" என்றார். சுல்கிப்லி அதை 'விற்பனையாளர் ஒத்துழைக்கவில்லை' என்று குறித்துக்கொண்டான்.

ஒரு பெண்பிள்ளை தனியாக இத்தனை வண்டியைக் கடத்தியிருக்க முடியாது என்பதை மேனேஜரே ஒத்துக்கொண்டார். அதனால் அவளை விட்டுவிடுவார்கள் என்று லோகேஸ்வரி நினைத்தாள். அவர்கள் டிராக்டர் ஓட்டும் அய்யாவுவைக் கூப்பிட்டார்கள். டிரெய்லரில் ஒரு நடைக்குப் பத்து வண்டி ஏறும். ஆக நூற்றுப் பதினான்கு நடை. ஆனால் டிராக்டருக்குக் கொடுத்த டீசல் வழக்கமான வேலைக்கே சரியாகப் போயிருந்தது. சுல்கிப்லி வெகுநேரம் யோசித்துவிட்டு, அய்யாவு திருட்டு நடைகளுக்குத் தன் சொந்தக் காசில் டீசல் போட்டிருக்கிறார் என்று எழுதினான்.

"நான் என் மோட்டார் சைக்கிளுக்கே அஞ்சு வெள்ளிக்குத்தான் எண்ணெய் போடுறவன் தம்பி," என்றார் அய்யாவு. ஐம்பத்தாறு வயது மனிதர்.

அன்று மத்தியானமே லோகேஸ்வரியின் வீட்டைச் சோதனை போட்டார்கள். இரண்டு அறை வீடு. சுல்கிப்லி கட்டிலுக்கு அடியில் குனிந்து பார்த்தான். அலமாரியைத் திறந்தான். குருண் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்து தூங்கிக்கொண்டிருந்த அவள் புருஷன் பரஞ்சோதி எழுந்து, யார் இவன் என்று கேட்டான்.

"ஆயிரத்து நூறு தள்ளுவண்டி தேடுறாராம்," என்றாள் லோகேஸ்வரி.

பரஞ்சோதி, "தலையணைக்குக் கீழ பார்த்தாச்சா?" என்று கேட்டுவிட்டு மறுபடியும் படுத்துக்கொண்டான்.

பின்பக்கத்தில் ஒரு தள்ளுவண்டி கிடைத்தது. துருப்பிடித்து, சக்கரம் கழன்று, மண் நிரப்பி, குழம்புக்குப் போடும் செராய்ப் புல் நட்டு வைத்த வண்டி. ஆறு வருடத்துக்கு முன் தோட்டத்துப் பழைய இரும்பு ஏலத்தில் எட்டு வெள்ளிக்கு வாங்கியது. ரசீதைக் காட்டினாள். ரசீதும் பேப்பர்தான். செராயைப் பிடுங்கிப் போட்டுவிட்டு வண்டியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அறிக்கையில், 'ஒன்று மீட்கப்பட்டது, ஆயிரத்து நூற்று முப்பத்தைந்து பாக்கி' என்று எழுதினார்கள்.

இரண்டு பேரையும் சம்பளமில்லாமல் நிறுத்திவைத்தார்கள். கம்பெனி போலீஸிலும் புகார் கொடுத்தது. விசாரித்த சார்ஜன், இவ்வளவையும் வரிசையாக நிறுத்தினால் எவ்வளவு தூரம் வரும் என்று மலாயில் கேட்டார். யாரும் கணக்குப் போட்டு வைத்திருக்கவில்லை. அவரே பேனாவால் போட்டுப் பார்த்து, ஒன்றரைக் கிலோமீட்டருக்கு மேல் வரும் என்றார். அதன் பிறகு அவர் லோகேஸ்வரியைக் கூப்பிடவில்லை, கோப்பை மூடவுமில்லை.

அவள் மனதைச் சுட்டது போலீஸ் இல்லை. வெள்ளிக்கிழமை கோயிலில் ராக்காயி அக்கா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பத்து வருடம் ஒரே வரிசை வீட்டில் குடியிருந்தவள். தீபாராதனை முடியும்வரை காத்திருந்து காதோரம் குனிந்தாள்.

"லோகேசு, நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஒன்னு இருந்தா கொடேன். மாட்டுச் சாணி அள்ள வேணும். விலை பார்த்துப் போட்டுக்க."

லோகேஸ்வரிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இல்லை என்று சொன்னால், எல்லாம் விற்றுத் தீர்ந்துவிட்டது என்றுதான் ராக்காயி அக்கா நினைப்பாள் என்பது தெரிந்ததும் அழுகையோடு சிரிப்பும் வந்தது. பிரசாதம் வாங்காமலே எழுந்து வீட்டுக்குப் போனாள்.

மூன்றாவது வாரம் சுல்கிப்லி அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். முகம் தொங்கிப் போயிருந்தது.

"அக்கா, ஒரு உதவி. உங்க வீட்டுலேர்ந்து நான் எத்தனை வண்டி எடுத்துக்கிட்டுப் போனேன்?"

"ஏன், உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். நீங்க சொல்லணும்."

மீட்ட வண்டியை அவன் சிஸ்டத்தில் ஏற்றியிருக்கிறான். ஸ்கிரீன் நின்றுவிட்டது. பச்சை விளக்குக்காக ஒன்பது தடவை தட்டியிருக்கிறான். இப்போது ஒன்பது வண்டி மீட்டதாகவும், அதில் எட்டைக் காணோம் என்றும் தலைமையகத்திலிருந்து அவனுக்கே விளக்கம் கேட்டுக் கடிதம் வந்துவிட்டது. அவன் காடியின் பின்பக்கத்தைத் திறந்து படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார்கள்.

"அது மைவி, சின்னக் காரு அக்கா. எட்டு வண்டி எப்படி ஏறும்?"

லோகேஸ்வரி கதவு நிலையில் சாய்ந்து நின்றாள். இவன் பிடுங்கி எறிந்த செராய் வேலியோரம் காய்ந்து கிடந்தது. ஒன்பது வண்டி எடுத்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இவன் கதை முடிந்தது. அந்த நினைப்பு ரொம்ப இனிப்பாகத்தான் இருந்தது. ஆனால் ஒன்றை ஒன்பது என்று சொல்ல அவளுக்கு நாக்கு வரவில்லை. வாழ்நாளில் அவள் அப்படி எண்ணியதே இல்லை.

"ஒன்னுதான் எடுத்தே. எங்க வேணும்னாலும் வந்து சொல்றேன்," என்றாள். "ஆனா உனக்கு மட்டும் சொல்ல மாட்டேன். அய்யாவு அண்ணனும் வரணும். அந்த கம்ப்யூட்டரும் வரணும்."

அடுத்த திங்கட்கிழமை ஆபீசில் விசாரணை நடந்தது. தலைமையகத்திலிருந்து ஷீலா என்ற அதிகாரி திரையில் வந்தார். அவர் முன்னால் லோகேஸ்வரி ஒரு துடைப்பத்தைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். எல்லாரும் அது ஒன்றுதான் என்று ஒத்துக்கொண்டார்கள். சுல்கிப்லி தன் லேப்டாப்பின் லைனை மட்டும் பிடுங்கிவிட்டு, சிம்பான் பட்டனை ஐந்து தடவை தட்டிவிட்டு, லைனைத் திரும்பச் செருகினான். பச்சை விளக்கு வந்தது. திரையில் ஐந்து துடைப்பம்.

"இப்ப சொல்லுங்க சார்," என்றாள் லோகேஸ்வரி. "மிச்ச நாலையும் யார் எடுத்தது? இந்த அறையில நாம நாலு பேர்தான் இருக்கோம்."

மேனேஜர் தன்னையும் அறியாமல் மேசைக்கு அடியில் ஒருமுறை பார்த்தார். ஷீலாவின் படம் அணைந்தது. பத்து நிமிடம் கழித்துத் திரும்பி வந்து, விஷயத்தை முடித்துவிடலாம் என்றார்.

முடித்தது எப்படி என்று வியாழக்கிழமை கடிதம் வந்தபோதுதான் தெரிந்தது. 'காணாமல் போன ஆயிரத்து நூற்று முப்பத்தாறு தள்ளுவண்டிகளையும் தாங்கள் திருப்பி ஒப்படைத்துவிட்டதால் நடவடிக்கை கைவிடப்படுகிறது. ஒத்துழைப்புக்கு நன்றி.' கீழே கையெழுத்துப் போட இடம் விட்டிருந்தது.

"திருப்பிக் கொடுத்ததா போட்டாத்தான் சிஸ்டம் கேஸை மூடும்," என்றார் ரவிச்சந்திரன். "வேற காரணம் எடுத்துக்காது. கையெழுத்துப் போட்டா நாளைக்கே வேலைக்கு வரலாம்."

அய்யாவு பேனாவை எடுத்துவிட்டார். "போட்டுடலாம் புள்ள. ஒரு மாசமா சம்பளம் இல்ல. அத்தனை வண்டியைத் திருப்பித் தள்ளிக்கிட்டு வந்ததுக்கு, கை வலின்னு டாக்டர்கிட்ட எம்சி லீவு வேணும்னா கேட்டு வாங்கிக்கலாம்."

"அண்ணே, இதுல கையெழுத்துப் போட்டா, நாம எடுத்தோம், பயந்துபோய்த் திரும்பக் கொண்டாந்து வச்சோம்னு ஆயிடும். பேரப்பிள்ளைங்க படிச்சா என்ன நினைக்கும்?"

அய்யாவு பேனாவைக் கீழே வைக்கவும் இல்லை, எழுதவும் இல்லை. அப்போது சுல்கிப்லி பிரிண்டரிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை உருவினான். அந்த ஆபீசில் யாரும் வெகுநாளாகச் செய்யாத ஒரு காரியத்தைச் செய்தான். கையால் எழுதினான். 'வந்தவை பதினாறு. இருப்பவை பதினாறு. எதுவும் காணாமல் போகவில்லை. யாரும் எடுக்கவில்லை. தவறு கம்பெனியுடையது.' கடைசி வரியில் மேனேஜர் தயங்கினார். அந்த வரி இல்லாமல் இந்த இடத்தை விட்டு எழுந்திருக்க மாட்டேன் என்று லோகேஸ்வரி நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்தாள். மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டியும் உட்கார்ந்திருந்தாள். இரண்டேகாலுக்கு ரவிச்சந்திரன் கையெழுத்துப் போட்டு, தோட்டத்து முத்திரையும் குத்தினார்.

நின்றுபோன சம்பளம் இரண்டு தவணையாக வந்தது. அய்யாவு தோட்டத்துக்குத் திரும்பவில்லை. குருண் தொழிற்சாலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டப் போய்விட்டார். இந்த மேனேஜர் முகத்தைப் பார்த்துக்கொண்டு இனி டிராக்டர் ஓட்ட முடியாது என்று சொன்னார். லோகேஸ்வரி மட்டும் திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஸ்டோரைத் திறந்தாள். உள்ளே போய் மோட்டார் சாவியை ஆணியில் மாட்டிவிட்டு, பதினாறு வண்டிகளையும் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகுதான் கதவுப் பக்கம் கையுறைக்காகக் காத்துக்கொண்டிருந்தவர்களை வரச் சொன்னாள்.