கழுதை தூக்கிய கால்

"இனிமே கட்டிங் செக்‌ஷன் முழுக்க உங்க பொறுப்பும்மா. உங்களுக்குன்னு தனி ரூம். அடுத்த வெள்ளிக்கிழமைக்குள்ள சரின்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க" என்று மேனேஜர் சொன்ன அன்றுதான் கழுதை முதன்முதலாக எங்கள் சமையலறைக்கு வந்தது. கனவில்தான். பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கத்தில் நின்றது. சாம்பல் நிறம், கொஞ்சம் தொந்தி. இடது முன்னங்காலை மட்டும் தரையில் ஊன்றாமல் லேசாகத் தூக்கி வைத்துக்கொண்டு என்னையே பார்த்தது. கத்தவில்லை, கனைக்கவில்லை. விழித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. என் சமையலறையில் அதற்கு என்ன வேலை?

நான் ஷூ கம்பெனியில் பேட்டர்ன் வெட்டுகிறவள். கால் வடிவத்தில் ஒரு மரக்கட்டை இருக்கும். அதன்மேல் பேப்பர் டேப்பை இடைவெளி இல்லாமல் ஒட்டி, டேப்பின்மேல் ஷூவை வரைந்து, பிறகு டேப்பை உரித்து அட்டையில் சமமாக ஒட்டி வெட்டுவேன். அந்த அட்டைதான் பேட்டர்ன். அதை வைத்துத்தான் தோல் வெட்டுவார்கள். ஒரு காலுக்குச் செய்தால் போதும். அட்டையைத் திருப்பிப் போட்டால் அடுத்த கால் ரெடி. கம்பெனியில் என் பட்டப்பெயர் 'கத்திரி'. கை வேலையைப் பார்த்து வைத்ததா, வாயைக் கேட்டு வைத்ததா என்று நான் விசாரித்ததில்லை.

பதவி வந்ததில் சந்தோஷம் இல்லாமல் இல்லை. ஆனால் சூப்பர்வைசர் கத்திரியைத் தொடமாட்டார்; தொடுகிறவர்களை விரட்டுவார். சரி, வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பழைய மேசையிலேயே உட்காரலாமென்றால் அதுவும் கொஞ்ச காலமாகக் கசந்துபோயிருந்தது. அதே கட்டை, அதே டேப், யாருடையது என்றே தெரியாத கால். நாற்பதைத் தாண்டியாயிற்று. இப்போது எந்தப் பக்கம் திரும்புகிறேனோ அந்தப் பக்கம்தான் மிச்ச வாழ்க்கை என்பது எனக்குத் தெரியும். அதனால்தான் பயமாக இருந்தது.

"ராத்திரி கனவுல கழுதை வந்துச்சு" என்றேன் காலையில்.

என் வீட்டுக்காரர் தட்டிலிருந்து நிமிரவே இல்லை. "கண்ணாடிக்கு முன்னாடி படுத்தியா?" என்றார். அவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மேலே போவதும் கீழே வருவதும் அவருக்கு ஒன்றுதான். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார். "பொதி சுமக்கப் போறேன்னு அர்த்தம். பிடிக்கலைன்னா விட்டுடு. யாரு கட்டாயப்படுத்துறா?"

அக்காவிடம் போனில் சொன்னேன். அவள் காது கிழிகிற மாதிரி கத்தினாள். "அடியே, கழுதையைப் பாத்தா யோகம்டி! வீடு தேடி வந்ததைத் தொரத்தாதே. நாளைக்கே போய் சரின்னு சொல்லு!"

அக்காவுக்கு நான் பெரிய ஆளாக வேண்டும். இவருக்கு நான் சிடுசிடுக்காமல் வீட்டுக்கு வர வேண்டும். ஆளுக்கொரு ஆசையைக் கழுதை முதுகில் ஏற்றிவிட்டார்கள். அது மறுபடியும் வந்தது, அதே தொட்டி, அதே தூக்கிய கால். ஏற்றிய பொதி எதையும் அது சட்டை செய்ததாகத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தாள். குழந்தைகள் புத்தகங்களுக்குப் படம் வரைகிறவள், விரல் நுனியில் எப்போதும் ஏதாவது ஒரு கலர் ஒட்டியிருக்கும். கழுதை விவரம் சொன்னதும் அவள் சிரிக்கவில்லை. "எந்தக் கால் அண்ணி?" என்றுதான் கேட்டாள்.

"இடது முன்னங்கால்."

"ஏன் தூக்கியிருக்கு?"

"எனக்கென்ன தெரியும்?"

"அதுகிட்ட கேட்டீங்களா?"

"கழுதைகிட்டயா?"

"பின்ன, ஊரெல்லாம் கேட்டீங்களே, வந்தவங்களைக் கேக்க வேண்டாமா? எனக்குப் படம் வரையக் கை ஓடலைன்னா இதைத்தான் பண்ணுவேன். கதவைச் சாத்திட்டு உக்காந்து, கண்ணை மூடி, கனவு விட்ட இடத்துல மறுபடி போய் நிப்பேன். நானா எதையும் இழுக்க மாட்டேன். அது என்ன செய்யுதுன்னு பாப்பேன், பதிலுக்கு நானும் ஏதாவது செய்வேன். அவ்வளவுதான்."

"பைத்தியம்னு சொல்ல மாட்டாங்க?"

"வெளியில சொன்னாதானே அண்ணி!"

அவளுக்கு நான் எத்தனை முறை நன்றி சொன்னாலும் தகும். அன்றைக்குச் சொல்லவில்லை. "போடி" என்றுதான் சொன்னேன்.

மத்தியானம் படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தேன். வெட்கமாக இருந்தது. கண்ணை மூடினால் முதலில் வந்தது, துவைக்காமல் கிடந்த துணி. பிறகு அடுப்பு. பிறகு தொட்டி. தொட்டிப் பக்கத்தில் அது நின்றுகொண்டிருந்தது.

"என்ன வேணும்?" என்றேன்.

அது காலைத் தூக்கியபடியே என்னைப் பார்த்தது.

"வாயைத் திறக்க மாட்டேன்னா எதுக்கு வந்தே? வந்து வந்து நிக்கிறியே, எனக்கு வேற வேலை இல்லையா?" என்று ஒரு பிடி பிடித்தேன். அது ஒரு காதை மட்டும் ஆட்டியது.

பேசிப் பயனில்லை என்று குனிந்து, தூக்கியிருந்த காலைக் கையில் பிடித்தேன். குளம்பு ஒரு பக்கம் தேய்ந்து உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. எனக்குத் தெரிந்தது ஒரே வேலைதானே? டேப்பை எடுத்து ஒட்டினேன். கற்பனையில் டேப்பைத் தேட வேண்டியதில்லை, அது ஒரு சௌகரியம். ஒட்டி, வரைந்து, உரித்து, அட்டையில் வைத்து வெட்டினேன். கை தானாகப் போனது. பிறகு பழக்கதோஷத்தில் அட்டையைத் திருப்பிப் பக்கத்துக் காலில் வைத்தேன்.

விட்டது பார் ஒரு உதை! கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் நிஜமாகவே பின்னால் சாய்ந்தேன். அது நானாக நினைத்து வரவழைத்த உதை இல்லை. பக்கத்துக் கால் நேராக, முழுசாக இருந்தது. இதன் அட்டையைத் திருப்பிப் போட்டால் அதற்கு எப்படிப் பொருந்தும்? ஏனென்று தெரியாமல் எனக்கு அழுகை வந்தது.

வெளியே வந்ததும் இவர் கேட்டார். "என்ன சொல்லுச்சு?"

"உதைச்சிடுச்சு."

"நல்ல கழுதை" என்றார்.

மறுநாள் கம்பெனியில் தலை வலித்தது. எங்கள் கேன்டீனில் டீ போடுகிற அம்மாவை எல்லோரும் 'டீக்கா' என்றுதான் கூப்பிடுவோம், டீ அக்காவின் சுருக்கம். அவரே மேசைக்கு மேசை கொண்டுவந்து வைப்பார். அந்த டீயைப் பற்றி நாங்கள் செய்யாத கிண்டல் இல்லை. ஒரு நாள் சர்க்கரையே இருக்காது, மறுநாள் பாகு காய்ச்சியிருப்பார். "டீக்கா, இன்னிக்கு டீயா பாயசமா?" என்று கேட்டால் அவரும் சிரிப்பார். அன்று மணியடிக்கும்வரை பொறுக்க முடியாமல் நானே கேன்டீனுக்குப் போனேன்.

அவர் எனக்கு முதுகைக் காட்டி, தொட்டியில் டம்ளர் கழுவிக்கொண்டிருந்தார். சாம்பல் நிறத்தில் வேலைக் கோட்டு. இடது காலை ஊன்றாமல், லேசாகத் தூக்கி வைத்திருந்தார்.

எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கேன்டீன் வாசலைத் தாண்டும்போதெல்லாம் என் கண் இதைப் பார்த்திருக்க வேண்டும். பார்த்துவிட்டு என்னிடம் சொல்லாமல் கழுதையிடம் சொல்லி அனுப்பியிருக்கிறது.

"அக்கா, உங்க காலைக் காட்டுங்க."

"என் கால் உனக்கு எதுக்கு, கத்திரி?"

"காட்டுங்கன்னா காட்டுங்க."

எப்போதோ கணுக்கால் உடைந்து, கோணலாகவே சேர்ந்திருந்தது. பாதம் உள்பக்கம் திரும்பி, வலது பாதத்தைவிடச் சின்னதாக இருந்தது. போட்டிருந்தது எங்கள் கம்பெனி ஷூ. நான் வெட்டிய பேட்டர்ன்தான். இடது ஷூவுக்குள் துணியை அடைத்து வைத்திருந்தார். துணியில் ரத்தக்கறை.

"எலும்பு ஆஸ்பத்திரியில தனியா ஷூ செஞ்சு தர்ற ரூம் இருக்கு" என்றார். "ஒரே ஒரு ஆளுதான், பாவம். வரிசை நகரவே மாட்டேங்குது. நின்னு நின்னு விட்டுட்டேன். நிக்கத்தானே முடியலை?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்று மாலை வேலை முடிந்ததும் அவரை என் மேசைமேல் உட்கார வைத்தேன். இடது காலில் டேப் ஒட்டி, வரைந்து, உரித்து, அட்டையில் வைத்து வெட்டினேன். அட்டையைத் திருப்பப் போன கை பாதியில் நின்றது. ஒரு உதை வாங்கினவளாச்சே! புது டேப் எடுத்து வலது காலுக்குத் தனியாக ஆரம்பித்தேன். இத்தனை வருஷத் தொழிலில் இரண்டாவது காலையும் தொட்டது அன்றுதான். அவருடைய வலது குதிகால் சூடாக என் உள்ளங்கையில் இருந்தது. இது இன்னாருடைய கால் என்று தெரிந்து வேலை செய்வதில் இவ்வளவு நிம்மதி இருக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

மேனேஜரிடம் கேட்டு மிச்சத் தோல் வாங்கிக்கொண்டேன். மரக்கட்டையில் தோல் துண்டுகளை ஒட்டி ஒட்டி அவருடைய பாத வடிவத்துக்குக் கொண்டுவந்தேன். தையல் செக்‌ஷன் தோழி திட்டிக்கொண்டே தைத்துக் கொடுத்தாள். இடது ஷூவுக்குள் ஒரு பக்கம் தக்கை வைத்து உயர்த்தினேன். வியாழக்கிழமை மாலை டீக்காவிடம் கொடுத்தபோது இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஜோடி மாதிரியே இல்லையே" என்றார்.

"உங்க காலே ஜோடி இல்லையே அக்கா" என்றேன். வாய் என் வாய்.

வெள்ளிக்கிழமை. சரியா இல்லையா சொல்ல வேண்டிய நாள். காலையிலிருந்து கை ஓடவில்லை. மணியடித்ததும் டீக்கா வந்து டம்ளரை வைத்துவிட்டுப் போனார். ஒரு வாய் குடித்தேன். சர்க்கரை கச்சிதமாக இருந்தது. சுற்றிலும் மேசைக்கு மேசை தலைகள் நிமிர்ந்தன. யாருக்கும் கிண்டல் வரவில்லை. வலியை நினைத்துக்கொண்டே சர்க்கரை அள்ளிய கை அது என்பது எங்களுக்கு அதுவரை தெரியாது. டம்ளரைக் கீழே வைக்கும்போது எனக்கு முடிவு தெரிந்துவிட்டது.

"சார், சூப்பர்வைசர் வேலை எனக்கு வேண்டாம். ரெண்டு காலுக்கும் தனித்தனியா வெட்டுற மேசை ஒண்ணு போட்டுக் கொடுங்க, இங்கேயே இருக்கேன்."

மேனேஜர் நல்ல மனுஷர். யோசித்துவிட்டுத்தான் சொன்னார். "அது நமக்குக் கட்டுப்படியாகாதும்மா. நாம ஊருக்கே ஷூ போடுறவங்க."

"அப்போ நான் கிளம்பறேன் சார். இவ்வளவு நாள் வெச்சிருந்ததுக்கு ரொம்ப நன்றி." மனசாரத்தான் சொன்னேன். கையைப் பழக்கிவிட்டது அந்த மேசைதானே?

இப்போது நான் எலும்பு ஆஸ்பத்திரியின் பின்பக்க அறையில் இருக்கிறேன். ஜன்னல் ஒன்று, மேசை இரண்டு. வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகர்கிறது. அக்கா என்னோடு சில நாள் பேசவில்லை. பிறகு தன் மாமியாரின் வீங்கிய காலைக் கூட்டிக்கொண்டு அவளே வந்தாள். "உன் யோகம் இப்படியா வரணும்?" என்று கேட்டுவிட்டு, என் மேசையைத் துடைத்து வைத்துவிட்டுப் போனாள். கழுதை அப்புறம் வரவில்லை. சில நாள் பாத்திரம் கழுவும்போது தொட்டிப் பக்கம் திரும்பி, "நல்லா இரு" என்று சொல்வேன். இவர் காதில் விழுந்தாலும் விழாத மாதிரி இருப்பார். அதற்கும் நன்றி.

அந்த அறைக்கு முதலில் எனக்கு வழி காட்டினது டீக்காதான். அந்த வெள்ளிக்கிழமை, மேனேஜர் அறையிலிருந்து வெளியே வந்தவளைக் கேன்டீன் வாசலில் பிடித்துக்கொண்டார். "அங்க ஆள் தேடறாங்க. சாப்பாட்டு நேரம்தானே, வா, காட்டறேன்" என்று கிளம்பிவிட்டார். அதுவரை அவர் இப்படி வேகமாக நடந்து நான் பார்த்ததில்லை. தெருவில் எனக்கு முன்னால், கையை வீசிக்கொண்டு, இரண்டு காலையும் ஊன்றி நடந்தார். வண்டிகளுக்கு நடுவில் புகுந்து எதிர்ப்பக்கம் போய்விட்டார். நான் இந்தப் பக்கமே நின்றேன்.

"கொஞ்சம் மெதுவா போங்கக்கா, மூச்சு வாங்குது!" என்று கத்தினேன்.

அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "நீதானே போட்டுவிட்டே? இப்ப நீதான் ஓடி வரணும்!"

ஓடினேன்.