பூஜை எடுக்கும்வரை திறக்காத பெட்டி

சுப்ரியாவுக்குப் பொறுமை என்பது பேருக்குக்கூடக் கிடையாது. அடுப்பில் பால் வைத்தால் பொங்குவதற்குள் பத்து தடவை எட்டிப் பார்க்கிற ரகம். அப்படிப்பட்டவளிடம் போயா கொடுப்பார்கள், ஆக்சிஜன் குறைந்த பெட்டிக்குள் புற்றுநோய் செல்களை வளர்க்கும் வேலையை? கொடுத்துவிட்டார்கள்.

விஷயம் இவ்வளவுதான். புற்றுநோய்க் கட்டியின் நடுவில் ரத்தம் சரியாகப் போய்ச் சேராது. ஆக்சிஜன் ரொம்பக் குறைச்சல். மூச்சு முட்டிக் கிடக்கும் அந்தச் செல்கள் சீக்கிரம் சாகும் என்றுதானே நினைப்போம்? அதுகளோ பெருகுவதைக் குறைத்துக்கொண்டு, கீமோ மருந்துக்கும் அசையாமல் பிழைத்துக்கொள்ளும். அந்தப் பிடிவாதத்தைத் தன் செல்களிலும் காட்டிவிட்டால்தான் சுப்ரியாவின் ஆராய்ச்சி மேலே நகரும். ஆனால் பெட்டிக்குள் வைத்த செல்களும் சாதாரணக் காற்றில் வைத்த செல்களும் மருந்து பட்டதும் ஒன்றுபோலச் செத்துத் தொலைந்தன. மூன்று முறையும் அதே கதை.

"இந்தத் தடவையும் வரலேன்னா தலைப்பை மாத்திண்டுடலாம்மா," என்றார் அவளுடைய வழிகாட்டி கல்யாணராமன். இரண்டு வருஷ உழைப்பு.

அஷ்டமியன்று மத்தியானம் செல்களுக்கு மருந்து விட்டு, ஒரு தட்டைப் பெட்டியிலும் இன்னொன்றைச் சாதாரணக் காற்றிலும் வைத்தாள். சாயங்காலம் பார்த்தால், கல்யாணராமன் பழவங்காடிக் கடைத்தெருவில் வாங்கிய பூச்சரத்தோடு வந்து நிற்கிறார். நவராத்திரியில் புத்தகத்தையும் கருவியையும் பூஜைக்கு வைத்துவிட்டால், தசமியன்று பூஜை எடுக்கும்வரை தொடக்கூடாது. அவர் லாபில் இதற்கு விலக்கே கிடையாது. மைக்ராஸ்கோப்புக்குச் சந்தனம் வைத்தார், பெட்டிக் கதவுக்குக் குங்குமம் வைத்தார்.

"சார், உள்ளே என் செல் இருக்கு. அப்பப்போ பார்க்கணும்."

"இருக்கட்டும், அது எங்கே ஓடிப்போறது? தசமி கார்த்தால பார்த்துக்கோ, கேட்டயா."

மனசுக்குள் அவரைத் திட்டித் தீர்த்தபடி வீட்டுக்குப் போனாள். அம்மா கொடுத்த சுண்டல்கூட உள்ளே இறங்கவில்லை.

தசமி காலையில் பூஜை எடுத்த கையோடு பெட்டியைத் திறந்தாள். சாதாரணக் காற்றில் வைத்த தட்டில் செல்கள் செத்து மிதந்தன. பெட்டியிலிருந்த தட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்தாள். அவ்வளவு மருந்தையும் வாங்கிக்கொண்டு, செல்கள் அடியில் சவுக்கியமாக ஒட்டிக்கொண்டிருந்தன. புற்றுநோய் செல் சாகவில்லை என்று ஒருத்தி ஆனந்தக் கண்ணீர் விடுவதைப் பார்க்க வேண்டுமே!

"சார், சாகல்லை," என்றாள்.

கல்யாணராமன் குனிந்து நெடுநேரம் பார்த்தார். "முன்னெல்லாம் பெட்டியை எப்பெப்போ திறப்பே?"

"மணிக்கொரு தரம் சார்."

"திறக்கறச்சேல்லாம் வெளிக்காத்து உள்ளே போகும். நீயே அதுகளுக்கு மூச்சு கொடுத்து, மருந்துகிட்டே பிடிச்சுக் கொடுத்திருக்கே."

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். சுப்ரியாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனால் சந்தோஷம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் அவளும் சேர்ந்து சிரித்தாள்.

"ஒரு தடவை வந்தா போறாது. இன்னும் ரெண்டு தடவை வரணும்."

"அதுக்கு அடுத்த நவராத்திரி வரைக்கும் காத்திருக்கணுமா சார்?"

"வேண்டாம். மருந்தை விட்டுட்டு நீ பொன்முடி மலைக்குப் போயிடு. ரெண்டு நாள் கழிச்சு இறங்கினா போறும்."

சுப்ரியா அப்போதே பஸ் நேரம் விசாரிக்கத் தொடங்கினாள்.