எட்டுத் திக்குக்கும் ஒரு வாளி

வெள்ளிக்கிழமை அம்மாவை ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்புகிறார்கள். இடுப்பெலும்பு முறிந்தவள். எங்கள் மெர்கோங் ஃபிளாட்டின் நாலாவது மாடிக்கு லிஃப்ட் கிடையாது. வெள்ளிக்குள் பெண்டாங்கில் கட்டும் புதுவீடு தயாராக வேண்டும். பாக்கி, கழிவறைத் தொட்டியைப் புதைப்பது மட்டும்தான்.

புதன்கிழமை குருண் தொழிற்சாலையில் வேலை முடிந்து போய்ப் பார்க்கிறேன், வட்டமாகக் குழியில் இறக்கிய ஃபைபர் தொட்டி முட்டையாக நசுங்கி நிற்கிறது. ஒரு பக்கம் கழுத்துவரை மண், மறுபக்கம் வெறும் குழி. மூடி பொருந்தவே இல்லை.

"யாருண்ணே இப்படிக் கொட்டச் சொன்னது?"

"நான்தான்," என்றார் அண்ணன் புவனேஸ்வரன் பெருமையாக. "கன்னி மூலைதான் மொதல்ல ஒசரணும்லா. மத்த பக்கம் நாளைக்கு. தொட்டிதான் மட்டம், ஃபேக்டரிக்காரன் ஏமாத்திட்டான்."

நான் பொறியாளர். வீட்டில் அது செல்லாது.

"சுத்தி ஒரே அளவு அழுத்துனா தொட்டி தாங்கும்ணே. ஒரு பக்கம் கூட, ஒரு பக்கம் கொறைச்சல்னா அந்த வித்தியாசந்தான் உருவத்தக் கெடுக்குது."

பாடப்புத்தகத்தில் இதற்கு விலகல் தகைவு என்று பெயர். அண்ணன் வைத்த பெயர் வாய்க்கொழுப்பு. போத்தலை நசுக்கிக் காட்டினேன், கத்தினேன். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மண் அள்ளும் இயந்திரத்தில் உட்கார்ந்திருந்த பிச்சை அண்ணன் கொட்டாவி விட்டார். அம்மா என்ன செய்வாள் என்று நினைத்ததும் எனக்கு அழுகையே வந்தது.

கடைசியில் கேட்டேன். "கன்னி மூலைக்கு மட்டும் குடுத்தா, மத்த ஏழு திக்குப் பாலகரும் கோவிச்சுக்க மாட்டாங்களாண்ணே?"

அண்ணன் முகம் மாறியது.

"மொத்தத்தையும் அள்ளிட்டு, எட்டுத் திக்குக்கும் மொறை வச்சு ஒவ்வொரு வாளியா போடணும். வருணனுக்குத் தொட்டிக்குள்ள தண்ணி. மண்ணு ஒசர ஒசர தண்ணியும் ஒசரணும்."

"இத மொதல்லயே சொல்றதுக்கென்ன? பிச்சைண்ணே, அள்ளுங்க லா!"

மண்ணை அள்ளியதும் தொட்டி பழையபடி வட்டமானது. நல்ல காலம், எங்கும் விரியவில்லை. மறுநாள் அண்ணன் ஒவ்வொரு வாளிக்கும் ஒரு சாமி பெயர் சொல்லச் சொல்ல, மண்ணும் தண்ணீரும் சேர்ந்தே ஏறின. மூடி பொருந்தியது.

வெள்ளிக்கிழமை அம்மா வாசலேறியதுமே அண்ணன் தொடங்கினார். "தொட்டி கோணிருச்சும்மா, நான்தான் எட்டுத் திக்கும் பாத்து நிமித்துனேன். இவ என்னமோ அழுத்தம் அழுத்தம்னு கத்திக்கிட்டிருந்தா."

நான் பல்லைக் கடித்தேன்.

"இருடா," என்று அண்ணனை அடக்கிவிட்டு அம்மா என் தோளைப் பிடித்தாள். "மொதல்ல என்னை ஜம்பானுக்குக் கூட்டிட்டுப் போடி. ஆஸ்பத்திரில படுக்கையிலயே எல்லாம் வச்சு மானமே போச்சு."

கழிவறைக் கதவுக்கு வெளியே காத்து நின்றேன். தண்ணீர் கொட்டும் சத்தம் கேட்டது.

"நல்லா போகுதுடி, ஷாமளா!"

அந்த ஒரு குரலுக்காக அண்ணனை மன்னித்தேன், அன்றைக்கு மட்டும்.